நாலு மணிப் பசி

தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடியும்வரை காலை உணவு உண்டு. பத்தாம் வகுப்பு முடியும்வரை மதியச் சத்துணவு உண்டு. பதினொன்றில் கால் வைத்ததும் அதுவும் நின்றுவிடுகிறது. உடம்பு கிடுகிடுவென்று வளர்கிற வயது அது. பொதுத்தேர்வுக்காக மாலை ஐந்தரை, ஆறு மணிவரை பள்ளியிலேயே உட்கார்ந்திருக்கிற வயது. வீட்டில் கேட்டு வாங்கிய பத்து ரூபாயோ இருபது ரூபாயோ சட்டைப் பையில் புழங்கத் தொடங்குகிற வயதும் அதுதான். அந்தக் காசு எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள, ஒருநாள் மாலை நாலு மணிக்கு மேல்நிலைப் பள்ளி வாசலில் நின்றால் போதும்.

கடை முகப்பில் சரம் சரமாகத் தொங்குகின்றன ஐந்து ரூபாய், பத்து ரூபாய் பாக்கெட்டுகள். உள்ளே குளிர்பெட்டியில் கறுப்பிலும் மஞ்சளிலும் சின்ன பாட்டில்கள். பிள்ளைகள் மொய்க்கிறார்கள். அவர்களை நான் ஒரு வார்த்தை குறைசொல்ல மாட்டேன். மதியம் ஒரு மணிக்கு முன்பே சாப்பிட்டவர்கள். அவர்களில் சிலர் ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் காலையில் பச்சைத் தண்ணீரோடு வந்தவர்கள். ஸ்பெஷல் கிளாஸ் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கிறது. கையிலிருக்கும் காசுக்கு உடனே எது கிடைக்கிறதோ அதை வாங்குகிறார்கள். 'நல்ல உணவைத் தேர்ந்தெடுங்கள்' என்று வகுப்பில் சொல்லித் தருகிறோம். தேர்ந்தெடுக்க அந்த வாசலில் வேறு என்ன வைத்திருக்கிறோம்?

அந்த பாட்டில் ஒன்றைத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துப் பாருங்கள். நூறு மில்லிக்குப் பத்து, பதினோரு கிராம் சர்க்கரை என்று இருக்கும். கணக்கு நூறு மில்லிக்கு. பிள்ளை குடிப்பதோ 250 மில்லி. ஆக, ஒரே மூச்சில் 26 கிராம் சர்க்கரை. தனியாகச் சேர்க்கிற சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமைத் தாண்டாமல் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது வளர்ந்த ஆளுக்கு. வீட்டில் குடித்த காபியும் பூஸ்ட்டும் இந்தக் கணக்கில் இன்னும் வரவில்லை. 2025 மே மாதம் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகள் எல்லாவற்றிலும் 'சர்க்கரைப் பலகை' வைக்கச் சொன்னது. எந்தத் தின்பண்டத்தில் எவ்வளவு சர்க்கரை என்று பிள்ளைகள் கண்ணில் படும்படி எழுதிவைக்க வேண்டும். நல்ல ஏற்பாடு. எல்லாப் பள்ளிகளிலும் வரட்டும். ஆனால் பலகையைப் படித்துவிட்டு வருகிற பிள்ளைக்கும் நாலு மணிக்குப் பசிக்கத்தான் செய்யும்.

சட்டம் இல்லாமல் இல்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் கொண்டுவந்த விதிப்படி, கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்கு உள்ளேயும், வாசலிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது. விளம்பரமும் கூடாது. ஐம்பது மீட்டர் என்பது பெரிய பையன் அறுபது, எழுபது எட்டில் கடக்கிற தூரம். அந்தத் தூரத்துக்குள்ளேயே குளிர்பான விளம்பரம் பூசிய கடைப் பலகைகளைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன்.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது வேறொன்று. வாசலை ஒழுங்குபடுத்துகிறோம் என்று யாராவது கிளம்பினால், முதலில் எழுப்பப்படுவது கூடைக்காரப் பாட்டிதான். கடைக்காரருக்குக் கூரை இருக்கிறது, உரிமம் இருக்கிறது. பாட்டிக்குச் சாக்கு விரிப்பு மட்டும். அவர் விற்றது என்ன? உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய கொய்யா, நெல்லிக்காய், மாங்காய்க் கீற்று, பருவத்தில் நாவல்பழம், அவித்த வேர்க்கடலை, பனங்கிழங்கு. கொய்யாவில் உள்ள வைட்டமின் சி ஆரஞ்சில் இருப்பதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். பயறு, கீரை, கேழ்வரகு போன்றவற்றிலுள்ள இரும்புச் சத்தை உடம்பு எளிதில் இழுத்துக்கொள்ளாது. கூடவே வைட்டமின் சி சேர்ந்தால் நன்றாக இழுத்துக்கொள்ளும். சாப்பாட்டோடு டீ குடித்தால் அது குறைந்துவிடும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. அந்தக் கணக்கின் தொடக்க வயதில் இருக்கிற பெண்பிள்ளைதான் பிளஸ் ஒன் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். மதியம் சாப்பிட்ட கையோடு அவள் இரண்டு நெல்லிக்காய் கடித்தால் நல்லது. அதை விற்கிறவரை எழுப்பிவிட்டு, பாக்கெட் கடையை விட்டுவைக்கிறோம்.

ஈ மொய்க்கிறது, கத்தி அழுக்கு என்பார்கள். உண்மைதான். அதற்கு மூடி போட்ட கண்ணாடிப் பெட்டியும் கை கழுவக் குழாய்த் தண்ணீரும் கொடுத்தால் தீர்ந்தது. உள்ளாட்சிக்கு அது ஒரு செலவே இல்லை.

ஆனாலும் வாசலை மட்டும் திருத்தினால் போதாது. உள்ளேயே ஏதாவது கொடுக்க வேண்டும். சுண்டல் என்றே வைத்துக்கொள்வோம். கொண்டைக்கடலை கிலோ நூறு ரூபாய் என்று போட்டாலும் 30 கிராம் மூன்று ரூபாய். ஊறவைத்து அவித்தால் இரண்டு மடங்காகப் பெருகி ஒரு கை நிறைய வரும். அதில் கிட்டத்தட்ட ஒரு முட்டையில் உள்ள அளவு புரதம் இருக்கிறது. தாளிக்க எண்ணெய், கடுகு, கறிவேப்பிலை, ஒரு சிட்டிகை பெருங்காயம், மேலே தூவத் தேங்காய்த் துருவல் எல்லாம் சேர்த்தாலும் பிள்ளை பாக்கெட்டுக்குக் கொடுக்கிற பத்து ரூபாயைத் தொடாது. இது சத்துணவுக் கூடங்களுக்குப் புதிய வேலையும் இல்லை. செவ்வாய்க்கிழமைதோறும் 20 கிராம் கொண்டைக்கடலையோ பாசிப்பயறோ சத்துணவோடு போடுகிற வழக்கம் பல ஆண்டுகளாக இருக்கிறது. அடுப்பு இருக்கிறது, அண்டா இருக்கிறது, கைப்பக்குவம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். இரண்டு மணிக்கு அணைகிற அடுப்பை இன்னும் ஒரு மணி நேரம் எரியவிட வேண்டும். அந்த ஒரு மணி நேரத்துக்குச் சமையலருக்கும் உதவியாளருக்கும் தனியாகக் கூலி கொடுக்க வேண்டும். குறைந்த சம்பளத்தில் ஏற்கெனவே நிறைய செய்கிறவர்கள் அவர்கள். கூலி கொடுக்காமல் இந்த வேலையை அவர்கள் தலையில் ஏற்றுவதை நான் ஏற்க மாட்டேன்.

பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி இந்த மாநிலத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் எழுந்திருக்கிறது. 1956இல் காமராஜர் மதிய உணவைத் தொடங்கியபோதும் எழுந்தது, 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தபோதும் எழுந்தது. 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று கருணாநிதி தொடங்கியது 2010இல் வாரம் ஐந்து முட்டையாக ஆனது. 2022 செப்டம்பரில் மதுரையில் ஸ்டாலின் காலை உணவைத் தொடங்கியபோது 1,545 பள்ளிகள். மறு ஆண்டு ஆகஸ்டில் அது முப்பதாயிரம் பள்ளிகளைத் தாண்டியது. கட்சி எதுவானாலும் பிள்ளைகளின் தட்டில் வைத்ததை யாரும் திரும்ப எடுக்கவில்லை, கூட்டத்தான் செய்தார்கள். அதனால்தான் பதினொன்றும் பன்னிரண்டும் படிக்கிறவர்களுக்காகத் தயங்காமல் கேட்கிறேன்.

தனியார் பள்ளிகளில் சிக்கல் வேறு. அங்கே பெற்றோர் கட்டுகிற ஸ்நாக்ஸ் டப்பாவிலேயே பிஸ்கட்டும் கிரீம் பன்னும் வந்துவிடுகின்றன. கேண்டீன் குத்தகை எடுத்தவர் லாபம் எதில் அதிகமோ அதை அடுக்குகிறார். குத்தகை ஒப்பந்தத்திலேயே விற்கக் கூடாதவற்றின் பட்டியலைச் சேர்த்துவிடலாம். நிர்வாகம் மனம்வைத்தால் ஒரே நாளில் முடிகிற காரியம்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. கேரளத்துப் பள்ளிகளில் 2019இல் தண்ணீர் குடிப்பதற்கென்றே மணி அடிக்கத் தொடங்கினார்கள். இங்கும் அந்தப் பழக்கம் வந்திருக்கிறது. மணி அடித்தாலும் பல பெண்பிள்ளைகள் ஒரு மடக்குக்கு மேல் குடிப்பதில்லை. தாகம் இல்லாமல் இல்லை. கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை, வாளியில் தண்ணீர் இல்லை, உள்ளே கால் வைக்க முடியவில்லை. காலை எட்டரையிலிருந்து மாலை ஆறுவரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்குக் குடிக்காமல் இருப்பதே மேல் என்று அவர்களாகவே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள். நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரிக்குப் போகும்போது 'ஏம்மா தண்ணியே குடிக்கிறதில்லையா?' என்று அவளைத்தான் கேட்கிறார்கள். பிள்ளைகள் பாட்டிலை விட்டுத் தண்ணீருக்கு வர வேண்டுமென்றால் கழிப்பறையைக் கழுவ ஆளும் தண்ணீரும் வேண்டும். சத்துணவுக்கு ஒரு துறை, கழிப்பறைக்கு ஒரு துறை என்று கோப்புகளில் பிரிந்து கிடக்கலாம். அந்தப் பெண்ணுக்கு இரண்டும் ஒரே வயிற்றின் தொல்லை.

அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் பெரும்பாலோர் பெற்றோர்கள். அடுத்த கூட்டத்தில் மூன்று காரியங்களைக் கேளுங்கள்: வாசலிலிருந்து ஐம்பது மீட்டர் அளந்து அதற்குள் யார் யார் என்ன விற்கிறார்கள் என்று எழுதச் சொல்லுங்கள், பழம், கடலை விற்கிறவருக்கு நிழலான ஓர் இடம் ஒதுக்கச் சொல்லுங்கள், பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு மாலைச் சுண்டல் கேட்டு ஒரு தீர்மானம் போட்டு, அதன் நகலை மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள். கழிப்பறைத் தாழ்ப்பாளை மட்டும் கூட்டம்வரை தள்ளிப்போடாதீர்கள். அதை நாளைக்கே ஓர் ஆசாரியைக் கூப்பிட்டு மாட்டிவிடலாம்.