அந்த ரோட்டை சைக்கிளுக்கு விடுங்க

சிறுசேரியில நிம்மதியா சைக்கிள் மிதிக்கணும்னா விடியறதுக்கு முன்னாடியே கிளம்பணும். அப்புறம் ஓ.எம்.ஆர் கம்பெனி பஸ்ஸுக்கும் தண்ணி லாரிக்கும்தான் சொந்தம். சரி, லீவுல கொடைக்கானல் போய் ஓட்டலாம்னா, அங்கேயும் கார் நெரிசல். 2024 மே மாதம் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் இருந்து வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டி என்று உச்சவரம்பே வைக்க வேண்டியதாயிற்று.

அதே ஊரில்தான் வண்டியே ஓடாத ஒரு பாதையும் கிடக்கிறது. பேரிஜம் ஏரி, டாப் ஸ்டேஷன் வழியாக மூணாறு வரை போன பழைய 'எஸ்கேப் ரோடு'. 1990-இல் மூடிவிட்டார்கள். வெளிநாட்டில் கிராவல் சைக்கிள்காரர்கள் தேடி அலைவது இந்த மாதிரிப் பாதையைத்தான்.

இதை மறுபடி கார்களுக்குத் திறக்கணும்னு அப்பப்போ குரல் எழும். வேண்டவே வேண்டாம். கேரளப் பக்கம் பாம்பாடும் சோலை தேசியப் பூங்கா. யானையும் காட்டெருமையும் நடக்கிற காடு.

சைக்கிளும் முழுசா பாதுகாப்பு இல்லை, ஒத்துக்கிறேன். சத்தமே இல்லாம வர்றதால, வளைவில் யானைக்கு நாம வர்றது தெரியாது. அதனால தனியா விடக் கூடாது. பகலில் மட்டும், நாளைக்கு இருபது பேர், கூடவே ஒரு வனக் காவலர், வளைவுக்கு வளைவு மணி. யானை நடமாட்டம் இருந்தா அன்னைக்கு ரத்து, பணம் வாபஸ். பேரிஜத்துக்கு வனத்துறை இப்பவே அனுமதிச் சீட்டு கொடுத்துதானே விடுது? முதலில் அந்த ஏரி வரைக்கும் சைக்கிளை விட்டுப் பார்க்கட்டும். மூணாறை அப்புறம் ரெண்டு மாநிலமும் உட்கார்ந்து பேசிக்கலாம்.