பத்தாம் நாள் மழையை நம்பி விதைக்கலாமா?

கேள்வி: செல்போனில் 80 சதவிகிதம் மழை என்று காட்டியதை நம்பிப் புழுதியில் விதைத்தோம். ஒரு தூறலோடு நின்றுவிட்டது. முளைத்த பயிர் கருகிவிட்டது. கம்ப்யூட்டர் போட்ட கணக்கு ஏன் பொய்த்தது? இனி எதை நம்பி விதைப்பது?
– வாசகி ஒருவர், கீழ்வேளூர் வட்டம், நாகப்பட்டினம் மாவட்டம்.

பதில்: கடிதத்தில் இன்னும் சில விவரங்கள் இருக்கின்றன. மூன்று ஏக்கர், கடைமடை நிலம். செப்டம்பர் இரண்டாவது வாரத்தில் விதைப்பு. செல்போனில் பார்த்தது பத்து நாள் கழித்து வரவேண்டிய மழையை. 'வாய்க்காலில் தண்ணீர் வரட்டும், பொறு' என்று மாமனார் சொல்லியிருக்கிறார். மகன் கேட்கவில்லை. ஏக்கருக்கு 30 கிலோ விதையும் உழவுக் கூலியும் போய், மறுவிதைப்புக்கு நகை அடகுக்குப் போயிருக்கிறது. அப்பாவும் பிள்ளையும் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம்.

மகன் செய்ததை முழுத் தவறு என்று சொல்ல முடியாது. கணிப்பைப் பார்த்து விவசாயம் செய்வது நல்ல பழக்கம்தான். அந்தக் கணிப்பு எப்படித் தயாராகிறது என்று தெரிந்துகொண்டால், எந்த வேலைக்கு எத்தனை நாள் கணிப்பை நம்பலாம் என்பது விளங்கிவிடும்.

வயலைப் பாத்தி பாத்தியாகப் பிரிப்பதுபோல, பூமியைச் சுற்றியுள்ள காற்று முழுவதையும் கணினியில் பெட்டி பெட்டியாகப் பிரிக்கிறார்கள். பக்கவாட்டில் மட்டுமல்ல, உயரத்திலும் பல அடுக்குகள். ஒவ்வொரு பெட்டிக்கும் வெப்பம், காற்றழுத்தம், ஈரம், காற்றின் வேகம், திசை என்று எண்கள் உண்டு. மடையைத் திறந்தால் மேட்டுப் பாத்தித் தண்ணீர் பள்ளப் பாத்திக்கு ஓடுகிறது. அதேபோல அழுத்தம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குக் காற்று தள்ளப்படுகிறது. பூமி சுழல்வதால் நேராகப் போகாமல் வளைந்து போகிறது. ஈரக்காற்று மேலே ஏறினால் குளிர்ந்து மழையாகிறது. அப்போது வெளிப்படும் வெப்பம் காற்றை இன்னும் மேலே தூக்குகிறது. இவை எல்லாமே இயற்பியல் விதிகள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை என்ற கணக்கில் எல்லாப் பெட்டிகளுக்கும் இவற்றைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே போனால் நாளைய வானிலை வந்து சேரும். இதற்குத்தான் கணினி மாதிரி என்று பெயர்.

கடலுக்கும் இதே பெட்டிகள் உண்டு. கடலை விட்டுவிட்டு மழையைக் கணக்கிட முடியாது. காற்று மண்டலம் முழுவதையும் ஒரு டிகிரி சூடாக்கத் தேவைப்படும் வெப்பம், கடலின் மேல்பரப்பில் சுமார் இரண்டரை மீட்டர் ஆழத்துக்கு உள்ள நீரை ஒரு டிகிரி சூடாக்குவதற்கே சரியாகிவிடும். அவ்வளவு வெப்பத்தைக் கடல் பிடித்து வைத்திருக்கிறது. அதை அளக்க ஆர்கோ என்ற மிதவைகள் உலகக் கடல்களில் சுமார் 4,000 உலவுகின்றன. 2,000 மீட்டர் ஆழம் வரை போய், பத்து நாளுக்கு ஒருமுறை மேலே வந்து, நீரின் வெப்பத்தையும் உப்பின் அளவையும் செயற்கைக்கோளுக்குச் சொல்கின்றன. இந்தியப் பெருங்கடலில் இவற்றை விடும் பணியில் ஹைதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்துக்கு முக்கியப் பங்கு உண்டு.

இந்தக் கணக்கை முதன்முதலில் கையால் போட்டுப் பார்த்தவர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற இங்கிலாந்துக்காரர். முதல் உலகப் போரில் பிரான்ஸில் ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டிருந்தபோது, ஓய்வு நேரத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். 1910 மே 20 அன்று ஐரோப்பாவில் ஓரிடத்தில் ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் எவ்வளவு மாறியிருக்கும் என்பதுதான் கணக்கு. விடை 145 மில்லிபார் என்று வந்தது. உண்மையில் அன்று அழுத்தம் மாறவே இல்லை எனலாம். பெரும் புயலின் மையத்தில்கூட அவ்வளவு வீழ்ச்சி இருக்காது! மனிதர் அதை மறைக்கவில்லை. 1922-ல் வெளியிட்ட புத்தகத்தில் தவறான விடையையும் அப்படியே அச்சிட்டார். அவர் பயன்படுத்திய விதிகளில் பிழை இல்லை. தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட காற்றின் அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததுதான் காரணம் என்று பின்னால் தெரிந்தது. 1950-ல் அமெரிக்காவில் எனியாக் என்ற கணினியில் போட்டபோதுதான் இந்தக் கணக்கு உருப்படியாக வந்தது. அப்போதும் ஒரு நாள் கணிப்பைப் போட ஏறக்குறைய ஒரு நாள் பிடித்தது.

இன்றைய கணினிகள் வேகத்தில் பல மடங்கு முன்னேறிவிட்டன. ஆனால் ரிச்சர்ட்சனைத் தடுக்கிவிட்ட அந்தத் தொடக்க அளவுச் சிக்கல் முழுதாகத் தீரவில்லை. 1961-ல் எட்வர்ட் லோரன்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் கணினியில் ஒரு கணக்கை மறுபடி ஓட்டினார். 0.506127 என்ற எண்ணுக்குப் பதில் 0.506 என்று சுருக்கிக் கொடுத்தார். பத்தாயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு வித்தியாசம்தான். கொஞ்ச தூரம் இரண்டு கணக்கும் ஒன்றாகப் போயின. பிறகு ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் பிரிந்துவிட்டன. காற்றின் குணம் அப்படி. தொடக்கத்தில் ஒரு சிறு பிசகு இருந்தாலும் நாளாக ஆகப் பெருகிவிடும். சுமார் இரண்டு வாரத்துக்கு அப்பால் இன்ன தேதியில் இன்ன ஊரில் மழை என்று சொல்ல முடியாது என்பதற்கு இதுதான் காரணம்.

அப்படியானால் 80 சதவிகிதம் என்பது என்ன? தொடக்க அளவில் பிசகு இருக்கும் என்று தெரிந்தே, அந்த அளவுகளைச் சற்றே மாற்றி மாற்றி ஒரே கணக்கைப் பல முறை ஓட்டுகிறார்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் ஒரு மாதிரியில் இப்படி 21 கணக்குகள். அவற்றில் 17 கணக்கில் மழை வந்தால் ஏறக்குறைய 80 சதவிகிதம். முளைப்புத்திறன் சோதனை மாதிரிதான் இதுவும். விதைப் பையில் 80 சதவிகிதம் முளைப்புத்திறன் என்று போட்டிருந்தால், நூறு விதையில் இருபது முளைக்காமல் போகலாம் என்பதும் அதற்குள் அடக்கம். எந்த இருபது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் நெல்லில் நூறு விதையையும் ஒரே நாளில் போடுகிறோம். மழையில் ஒரே ஒரு விதையை மட்டும் போட்டுப் பார்த்ததுபோல ஆகிவிட்டது கீழ்வேளூர் வாசகியின் கதை. அந்த 80 சதவிகிதம் எவ்வளவு மழை என்றும் சொல்வதில்லை. 3 மில்லிமீட்டர் பெய்தாலும் கணிப்பு பலித்த கணக்குதான். விதை முளைக்க அது போதலாம், பயிர் நிற்கப் போதாது.

இன்னொன்று, பெட்டியின் அளவு. 12 கிலோமீட்டர் பெட்டி என்றால் 144 சதுர கிலோமீட்டர், அதாவது சுமார் 35,500 ஏக்கருக்கு ஒரே மழை அளவு. 2025 மே மாதம் அறிமுகமான பாரத் முன்கணிப்பு முறையில் பெட்டி 6 கிலோமீட்டராகக் குறைந்திருக்கிறது. அப்போதும் ஏறக்குறைய 8,900 ஏக்கர். டெல்டாவில் செப்டம்பர் மாலைகளில் பெய்வது பெரும்பாலும் வெப்பச்சலன மழை. ஓர் ஊரில் கொட்டும், பக்கத்து ஊரில் புழுதி அடங்காது. இந்த மழையைப் பத்து நாள் முன்னால் மூன்று ஏக்கருக்குச் சொல்ல எந்த மாதிரியாலும் ஆகாது. காற்றழுத்தத் தாழ்வு மண்டலமும் புயலும் அப்படி இல்லை. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்தில் வருவதால் மாதிரியின் கண்ணில் நன்றாகப் படும்.

அதிலும் நாள் கணக்கு முக்கியம். 2018-ல் கஜா புயல் வந்ததை நாகை மாவட்டத்தார் மறக்க மாட்டார்கள். நவம்பர் 11 வாக்கில் கடலூருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் இடையே கரை கடக்கும் என்று கணிப்பு இருந்தது. பிறகு கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே என்று தெற்கே நகர்ந்தது. கடைசியில் 16-ம் தேதி அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. முதல் நாள் அறிவிப்பைப் பார்த்து 'நமக்கில்லை' என்று இருந்துவிட்டவர்களும் உண்டு. தினமும் புதிய அளவுகள் சேரச் சேரக் கணக்கு திருந்துகிறது. அதனால் கடைசியாக வந்த அறிவிப்பைத்தான் பார்க்க வேண்டும். போன வாரம் வாட்ஸ்அப்பில் வந்த படத்தை இன்றைக்குப் பார்ப்பது நேற்றைய சந்தை விலைக்கு இன்றைக்கு நெல் விற்கப் போவதுபோல.

வேலைக்குத் தகுந்த கணிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். மருந்து தெளிப்பு, யூரியா மேலுரம், அறுவடை ஆகியவற்றுக்கு அடுத்த இரண்டு மூன்று நாள் கணிப்பு நன்றாகவே கைகொடுக்கும். பலத்த மழை என்று இருந்தால் யூரியாவைத் தள்ளிப்போடுவதில் நட்டம் எதுவும் இல்லை. களத்தில் நெல் காயும்போது அடுத்த சில மணி நேரத்துக்குக் காரைக்கால் ரேடார் படமே போதும். செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வரும் வேளாண் வானிலை அறிக்கை ஐந்து நாளுக்கானது. அதைப் பார்த்து ஆள், இயந்திரம் ஏற்பாடு செய்யலாம். அறிக்கையில் 'ஓரிரு இடங்களில்' என்றால் மழைமானி நிலையங்களில் நான்கில் ஒரு பங்கு வரை மழை என்று பொருள். 'பெரும்பாலான இடங்களில்' என்றால் நான்கில் மூன்று பங்குக்கு மேல். வெறும் அலங்காரச் சொற்கள் என்று பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆறு முதல் பத்து நாள் கணிப்பு, தயாராக இருப்பதற்கு மட்டும். அதை நம்பி விதையை மண்ணில் போடக் கூடாது.

மாமனார் சொன்ன வாய்க்கால் தண்ணீரும் ஒரு கணிப்புதான். அணையில் இருப்பு, முறைப்பாசனம், எத்தனை நாளில் கடைமடைக்கு வரும் என்ற அனுபவம் எல்லாம் அதில் சேர்ந்திருக்கிறது. அப்பாவின் கணக்கும் பிள்ளையின் கணக்கும் சேர்ந்திருந்தால் விதை தப்பியிருக்கும்.

மறுவிதைப்பைப் பொறுத்தவரை, சி.ஆர். 1009 சப்-1 போன்ற 155 நாள் ரகத்தை மீண்டும் போட்டால் காலம் தள்ளிப்போகும். டி.கே.எம். 13 போன்ற 130 நாள் ரகத்துக்கு மாறுவது நல்லது. புழுதி விதைப்பாக இருந்தால் விதையைக் கடினப்படுத்தி விதைக்க வேண்டும். 30 கிலோ விதைக்கு 30 லிட்டர் தண்ணீரில் 300 கிராம் பொட்டாசியம் குளோரைடைக் கரைத்து, 16 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய ஈரப்பதத்துக்கு உலர்த்தி விதைக்கலாம். தொடக்க வறட்சியைப் பயிர் ஓரளவு தாங்கும்.

கேள்வி: எல் நினோ வருகிறது என்றால் வறட்சிதான், சம்பா வேண்டாம் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர் ஒருவர், ஒரத்தநாடு.

பதில்: பாதி உண்மை. பசிபிக் பெருங்கடலின் நடுவிலும் கிழக்கிலும் நீர் வழக்கத்தைவிடச் சூடாவதுதான் எல் நினோ. கடல் மெதுவாக மாறுவதால் மாதிரிகளால் இதைச் சில மாதங்களுக்கு முன்பே ஓரளவு சொல்ல முடிகிறது. டெல்டாவுக்கு இது இரண்டு பக்கமும் வெட்டும். தென்மேற்குப் பருவமழையைக் குறைக்கப் பார்க்கும். அது மேட்டூருக்குத் தண்ணீர் வரும் பருவம். வடகிழக்குப் பருவமழையைக் கூட்டப் பார்க்கும். அது நேராக வயலில் விழும் மழை. 2015-ல் அப்படியே நடந்தது. நாட்டின் தென்மேற்குப் பருவமழை சராசரியில் 86 சதவிகிதம்தான். ஆண்டுக் கடைசியில் தமிழ்நாட்டில் இயல்பைவிட 50 சதவிகிதத்துக்கும் அதிகம் பெய்து சென்னை மூழ்கியது. மறு ஆண்டு எல் நினோ இல்லை. 2016-ல் வடகிழக்குப் பருவமழை 62 சதவிகிதம் குறைந்தது.

விதிவிலக்கும் நிறைய. 1997-ல் மிகப் பலமான எல் நினோ இருந்தும் தென்மேற்குப் பருவமழை இயல்பாகவே பெய்தது. எல் நினோவுக்கு நேர் எதிரான லா நினா இருந்த 2021-ல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட மிக அதிகம். இந்தியப் பெருங்கடலின் நிலையும் சேர்ந்து விளையாடுவதால் எல் நினோ ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கான அறிவிப்பு, தமிழ்நாடு, கேரளா, கடலோர ஆந்திரா, ராயலசீமா, தெற்கு உள் கர்நாடகம் ஐந்துக்கும் சேர்த்து வருகிறது. அதில் சராசரியில் 88 முதல் 112 சதவிகிதம் வரை 'இயல்பு' எனப்படும். ஒரத்தநாட்டுக்கு எவ்வளவு என்று அதில் தேட வேண்டாம். சம்பா வேண்டுமா வேண்டாமா என்பதை மேட்டூர் இருப்பும் சொந்த போர்வெல்லின் நிலையும் தீர்மானிக்கட்டும். எல் நினோ ஆண்டாக இருந்தால் ஆற்று நீரை நம்பி நீண்ட கால ரகம் போடுவதைக் குறைத்து, நவம்பர் பெருமழைக்கு வடிகாலை முன்கூட்டியே தூர்வாரி வைத்துக்கொள்ளலாம். பயிர்க் காப்பீட்டையும் கடைசி நாள் வரை தள்ளிப்போடாமல் செய்துவிட வேண்டும்.