பேச்சு ஆங்கில வகுப்பில் ஆசிரியரின் செவி: சீன மொழி மாணவர்களை முன்வைத்துச் சில கருத்துகள்

சீனாவில் 2001ஆம் ஆண்டு முதல் தொடக்கப்பள்ளியின் மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் கற்பிக்கும் நடைமுறை படிப்படியாக விரிவுபடுத்தப்பட்டது. இதன்படி பள்ளிக் கல்வி முடிவதற்குள் ஒரு மாணவர் பத்தாண்டுகள் ஆங்கிலம் பயின்றுவிடுகிறார். எனினும் படிக்கவும் எழுதவும் தேர்ந்தவர் பேச வேண்டிய இடத்தில் வாய் திறவாது நிற்கும் நிலையைச் சீனர்களே ‘ஊமை ஆங்கிலம்’ என்று குறிப்பிடுகின்றனர். ‘காவ்காவ்’ எனும் கல்லூரி நுழைவுத் தேர்வு பெரிதும் எழுத்துவழியே அமைந்திருப்பது இதற்கு ஒரு காரணமாகும். மற்றொரு காரணம் வகுப்பறைக்குள்ளேயே உள்ளது. பேச்சு வகுப்பில் ஆசிரியர் தம்மைப் பேசிக்காட்டுபவராகவும் பிழை திருத்துபவராகவும் மட்டுமே கருதிக்கொள்கிறார். அவர் முதலில் மாணவரின் தாய்மொழி இயல்பை அறிந்து கேட்பவராதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

மாணவரின் பிழைகள் பலவும் அவர்தம் தாய்மொழியின் ஒழுங்கிலிருந்தே பிறக்கின்றன. மாண்டரின் மொழியில் அசையின் இறுதியில் வரும் மெய்கள் மிகச் சில. ன், ங் ஆகிய மூக்கொலிகளே அவற்றுள் முதன்மையானவை. க், ட், ப் போன்றவை ஈறாக வருவதில்லை. ஆகவே ‘டெஸ்க்’ எனும் சொல்லின் இறுதியில் மாணவர் ஓர் உயிரொலியைச் சேர்க்கிறார் அல்லது இறுதி மெய்யை விட்டுவிடுகிறார். இது தமிழ் ஆய்வாளர்க்குப் புதிதன்று. தொல்காப்பியம் காட்டும் மொழியிறுதி மெய்களுள் வல்லினம் இடம்பெறவில்லை. நம் பேச்சில் ‘புக்’ என்பது ‘புக்கு’ ஆவதும் இவ்வியல்பாலேயே.

இலக்கணப் பிழைகளும் இத்தகையனவே. மாண்டரினில் எண்ணுப்பெயர் முன்வரும்போது பெயர்ச்சொல் பன்மை விகுதி ஏற்பதில்லை. ‘பத்து மாடு வந்தது’ எனும் பால்பகா அஃறிணை வழக்கை அறிந்த நமக்கு இது எளிதில் விளங்கும். வினைச்சொல்லும் காலத்திற்கேற்பத் திரிவதில்லை. ‘நேற்று’ என்ற சொல்லே காலத்தை உணர்த்தப் போதுமானது. அவன், அவள் இரண்டும் பேச்சில் ‘தா’ என்றே ஒலிக்கும்; எழுத்தில் மட்டுமே வேறுபடும். தன் தாயைக் குறித்து ‘ஹீ’ என்று கூறும் மாணவர் ஆங்கில இலக்கணம் அறியாதவர் அல்லர். அதே மாணவர் எழுதும்போது ‘ஷீ’ என்று பிழையின்றி எழுதக்கூடும். மேலும், சீன மொழி பேசுவோர் அனைவரும் ஒரே வகையினரும் அல்லர். காண்டனீசில் க், ட், ப் ஒலிகள் சொல்லிறுதியில் உண்டு. எனவே தம் மாணவர் எச்சீன மொழியைப் பேசுபவர் என்பதையும் ஆசிரியர் அறிதல் வேண்டும்.

காரணம் அறிந்த ஆசிரியர் எல்லாப் பிழைகளையும் உடனுக்குடன் திருத்த முற்படமாட்டார். பொருளை மாற்றும் பிழைக்கு முதலிடம் தருவார். ஏனையவற்றைத் தம் மறுமொழியிலேயே சீர்செய்வார். ‘நேற்று நான் பாட்டி வீட்டிற்குப் போகிறேன்’ என்னும் பொருள்பட மாணவர் ஆங்கிலத்தில் கூறினால், ‘போனாயா? பாட்டி என்ன சமைத்தார்?’ என வினவுவதே போதும். திருத்தமும் கிடைக்கிறது, உரையாடலும் அறுபடுவதில்லை. பலர்முன் தவறிழைத்தலை ‘மியன்சு’ எனும் முகமதிப்பின் இழப்பாகக் கருதும் சூழலில் இம்முறை இன்றியமையாதது.

வகுப்பறைக் காலக்கணக்கும் இதனையே வலியுறுத்துகிறது. நாற்பது மாணவர் கொண்ட நாற்பது நிமிட வகுப்பில் ஆசிரியர் பாதி நேரம் பேசி, எஞ்சிய நேரத்தில் ஒவ்வொருவரையும் தனித்தனியே பேசவைத்தால், ஒருவர்க்கு அரை நிமிடமே கிட்டும். அதே இருபது நிமிடங்களில் மாணவர் இணை இணையாக உரையாடினால் ஒவ்வொருவர்க்கும் பத்து நிமிடம் கிட்டும். ஆசிரியர் அவர்களிடையே நடந்து செவிமடுக்கலாம். லி யாங் பரப்பிய ‘கிரேசி இங்கிலீஷ்’ முறையில் பெருந்திரளானோர் ஆங்கிலத் தொடர்களை உரக்கக் கூவிப் பயின்றனர். கூவுதல் கூச்சத்தைப் போக்கலாம். ஆயின் உரையாடலுக்குக் கேட்பவர் ஒருவர் வேண்டும்.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட அயல்நாட்டினரே இதற்கு ஏற்றவர் என்பாரும் உளர். சீனம் அறியாத அவரிடம் மாணவர் ஆங்கிலத்திலேயே பேசியாக வேண்டும் என்பது மெய்யான பயனே. எனினும் ‘ஹீ’ ஏன் வந்தது என்பதை அறியாதவர் அதனைக் கவனக்குறைவு எனக் கொள்ளவும் கூடும். சீன ஆசிரியரோ அதே தடையைக் கடந்து வந்தவர். தம் ஒலிப்பு ஆங்கிலேயரது போன்றில்லையே என அவர் தாழ்வுணர்ச்சி கொள்ள வேண்டுவதில்லை. மாணவரின் தாய்மொழியை உள்ளிருந்து அறிந்திருத்தலே அவருடைய தனித்தகுதி.

பேச்சு மொழியைக் கற்பிப்பவர் தம் வகுப்பை மதிப்பிட, ‘இன்று நான் எவ்வளவு கற்பித்தேன்?’ என்பதைக் காட்டிலும் ‘இன்று என் மாணவர் எவ்வளவு பேசினர்? அவர்களுள் யார் பேசவில்லை?’ என்று வினவிக்கொள்ளுதல் நன்று. பேசாதவரின் பெயரை ஆசிரியர் அறிந்திருந்தால், ஊமை ஆங்கிலம் நீங்குவதற்கான வழி அவ்வகுப்பில் திறந்துவிட்டது எனலாம்.