பல்செட்டுக்குள் இருக்கும் மெத்தை: எதில் கழுவுவது என்று யார் சொல்வது?

கழற்றி மாட்டும் பல்செட் ஈறில் அழுத்தி வலித்தால், அதன் உட்பக்கத்தில் ரப்பர் போல மெத்தென்ற ஒரு அடுக்கைப் பல் மருத்துவர் ஒட்டித் தருவார். இதுதான் 'சாஃப்ட் லைனர்'. ஈறு எலும்பு தேய்ந்துபோன முதியவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால், "தினமும் கிளீன் பண்ணுங்க" என்று ஒற்றை வரியில் சொல்லி அனுப்பினால் போதாது.

காரணம், எல்லா லைனரும் ஒன்றல்ல. அக்ரிலிக் வகைக்கு மென்மை தருவது அதில் கலந்திருக்கும் பிளாஸ்டிசைசர். வாயில் இருக்கும்போதே அது மெல்லக் கசிந்து வெளியேறி, லைனர் இறுகும். ஒத்துவராத கரைசலில் ஊறவைத்தால் இன்னும் சீக்கிரம் கெடலாம். சிலிகான் வகை அதிக நாள் மென்மையாக இருக்கும். ஆனால் பல்செட்டிலிருந்து பிரிந்து வரக்கூடும். நுரைக்கும் மாத்திரைகள் சில லைனர்களின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கும். ப்ளீச் கிருமிகளைக் கொல்லும். கூடவே நிறத்தை வெளுக்கும், உலோகப் பாகத்தை அரிக்கும். லைனர் இல்லாத பல்செட்டையே வெந்நீரில் போடக் கூடாது, உருமாறிவிடும்.

அதுக்காகக் கழுவாம விடவும் முடியாது. சொரசொரப்பில் கேண்டிடா பூஞ்சை எளிதாகக் குடியேறும். அண்ணம் சிவந்து புண்ணாகும். வலி போக வைத்த மெத்தையே வலிக்குக் காரணமாகிவிடும்.

எனவே, லைனர் எந்த வகை, எந்தக் கரைசலில் எத்தனை நிமிடம், எப்போது மாற்ற வேண்டும் என்ற மூன்றையும் மருத்துவர் சீட்டில் எழுதித் தருவதே முறை. தராவிட்டால், கடையில் மாத்திரை வாங்கும் முன் கேட்டுவிடுங்கள்.