நெய்வேலிப் புகையும் 10 கிலோமீட்டர் கணக்கும்

நம் கடலூர் மாவட்டத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரியும்போது அதிலுள்ள கந்தகம் சல்பர் டை ஆக்சைடாக வெளியேறுகிறது. காற்றில் நுண்துகளாக மாறி நெடுந்தூரம் போகும், மூச்சுக்குழாயைப் பாதிக்கும்.

தடுக்க வழி உண்டு. புகை மீது சுண்ணாம்புக்கல் கரைசலைத் தெளித்தால் கந்தகம் ஜிப்சமாகிவிடும். சுண்ணாம்புக்கல்லும், ஜிப்சத்தை வாங்கும் சிமெண்ட் ஆலைகளும் பக்கத்து அரியலூரிலேயே இருக்கின்றன.

மத்திய அரசு 2015-ல் வரம்பு விதித்தது. கெடு பலமுறை தள்ளிப்போய், 2025 ஜூலையில் பெரும்பாலான அனல்மின் நிலையங்களுக்கு விலக்கே கிடைத்துவிட்டது. புகைபோக்கி போதிய உயரம் இருந்தால் போதுமாம். டெல்லி வட்டாரத்துக்கோ 10 லட்சம் பேர் வாழும் நகரத்துக்கோ 10 கி.மீ.க்குள் இருந்தால்தான் நேரடிக் கட்டாயம். நெய்வேலி அருகே அப்படி நகரமே இல்லை!

கருவி பொருத்தினால் மின்கட்டணம் ஏறும் என்கிறார்கள். சரி, ஆஸ்துமா மருந்துச் செலவு யார் கணக்கில்? உயரமான புகைபோக்கி கந்தகத்தைக் குறைக்காது, அடுத்த ஊருக்கு அனுப்பும். சிதம்பரத்துக்காரர்களுக்கும் நுரையீரல் உண்டுதானே?