கடிதமே வராத லயத்தில் கைகுலுக்கப் பயிற்சி

மலையகப் பட்டதாரிக்கு வேலை கிடைக்காததற்கு ஒரே காரணம் அவனுக்குப் பர்சனாலிட்டி போதாததுதான் என்று அண்மையில் ஹட்டனில் ஒரு மண்டபத்தில் அடித்துச் சொல்லப்பட்டது. சொன்னவர் கொழும்பிலிருந்து வந்த பயிற்றுநர். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பேராதனையிலும் மட்டக்களப்பிலும் படித்து முடித்து, முதல் நேர்முகப் பரீட்சைக்குத் தயாராகும் பிள்ளைகள். "கூச்சத்த விடுங்க. கையை இறுக்கிப் பிடிச்சுக் குலுக்குங்க. முகவரியில எஸ்டேட், டிவிஷன் எல்லாம் போட வேணாம், ஹட்டன்னு மட்டும் போடுங்க" என்றார் அவர். பின்வரிசையில் இருந்த பெற்றோர் தலையாட்டினார்கள். கொழுந்து பறித்தே பிள்ளையைப் பட்டதாரியாக்கிய தாய், தான் வாழும் இடத்தின் பெயர் பிள்ளையின் விண்ணப்பத்துக்கு இழுக்கு என்று ஒத்துக்கொண்டு தலையாட்டினாள். கோபம் வருவது அந்த இடத்தில்தான்.

ஒரு பயிற்றுநரோடு முடிகிற பேச்சென்றால் விட்டுவிடலாம். ஆசிரியர் சொல்கிறார், தொழிற்சங்கப் பிரமுகர் சொல்கிறார், வேலை கொடுக்காத கொம்பனியும் சொல்கிறது: நம்ம பிள்ளைகளுக்குப் பேசத் தெரியாது, இங்கிலீஷ் வராது, முன்னுக்கு நிற்க மாட்டார்கள். இது பொய். சொல்பவருக்கு வசதியான பொய்.

சி.வி. வேலுப்பிள்ளையை எடுத்துக்கொள்வோம். 1914இல் வட்டகொடைப் பக்கம் மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்தவர். கொழும்பு நாலந்தாக் கல்லூரியில் படித்தவர், ஆசிரியராக இருந்தவர், தேயிலைத் தோட்டத்து வாழ்க்கையை ஆங்கிலத்தில் கவிதையாக எழுதியவர். 1947 பொதுத் தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியில் வென்று நாடாளுமன்றம் போனார். அவர் சார்ந்த இலங்கை இந்தியக் காங்கிரசிலிருந்து அந்த வருடம் ஏழு பேர் தெரிவானார்கள். அவரிடம் எந்தக் குறை இருந்தது? மொழியா, துணிவா, மேடைப் பேச்சா? அடுத்த வருடமே, 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவரை அனுப்பிய மக்களை நாடற்றவர்களாக்கியது. 1949இல் வாக்குரிமையும் போனது. 1952 தேர்தலில் அந்த ஏழு ஆசனங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. சி.வி.யின் ஆங்கிலம் அந்த மக்களின் ஒரு வாக்கைக்கூடக் காப்பாற்றவில்லை.

மண்டபத்தில் இன்னொன்றும் சொல்லப்பட்டது: பேச்சில் வார்த்தைக்கு 7 சதவீதம்தான் மதிப்பு, மீதி 93 சதவீதம் குரலும் உடல்மொழியுமாம். உலகெங்கும் பயிற்சி வகுப்புகளில் ஓதப்படும் இந்தக் கணக்கு, கலிபோர்னியாப் பல்கலைக்கழக உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து வந்தது. ஒற்றைச் சொற்களை வெவ்வேறு தொனியில் ஒலிக்கவிட்டு, முகப் படங்களைக் காட்டி, சொல்பவருக்கு விருப்பா வெறுப்பா என்று கேட்ட சோதனைகள் அவை. உணர்ச்சியையும் மனப்பாங்கையும் பற்றிப் பேசும்போது மட்டுமே இது பொருந்தும் என்று மெஹ்ராபியனே எழுதிவைத்திருக்கிறார். நான்கு வருடம் படித்த பாடத்தைப் பற்றிக் கேள்வி கேட்கும்போது வார்த்தைக்கு 7 சதவீதம்தான் என்று பிள்ளைக்குச் சொல்வது, அந்த நான்கு வருடத்தையும் குப்பையில் போடச் சொல்வது.

அரச வேலைக்கான நேர்முகம் எப்படி நடக்கிறது என்று அந்த மண்டபத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. பல பதவிகளுக்கு நடப்பது பொது நேர்முகப் பரீட்சை. அதற்குப் புள்ளியே கிடையாது, சான்றிதழ்களைச் சரிபார்ப்பதோடு சரி. புள்ளி கொடுக்கும் நேர்முகமென்றால் எதற்கு எத்தனை புள்ளி என்று புள்ளித்திட்டம் வகுக்கப்பட்டிருக்கும். வர்த்தமானி அறிவித்தலை வரிவரியாக வாசிக்கக் கற்றுக்கொடுத்தால் அது தயார்ப்படுத்தல். அந்த மண்டபத்திலோ டை முடிச்சில் அரை நாள் போனது.

சரிபார்ப்பிலேயே எத்தனை பேர் விழுகிறார்கள்! ஒரு பிள்ளையின் ஃபைலைத் திறந்து பார்த்தால் தெரியும். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு எழுத்து, சாதாரணதரப் பெறுபேற்றில் அப்பாவின் பெயர் முன்னே, பட்டச் சான்றிதழில் பின்னே. பிறந்த நாளில் தோட்டத்தில் பதிந்தவர் காதில் விழுந்ததை எழுதினார். இன்று அந்தப் பிள்ளை சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி வாங்கி, கிராம உத்தியோகத்தரிடம் கையெழுத்து வாங்கி, பிரதேச செயலகத்தில் வரிசையில் நிற்கிறாள். எழுதியவரின் பிழைக்கு அவளுடைய நாட்கள் போகின்றன.

அதற்கும் முன்னால் கடிதம் வர வேண்டும். தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்துக் காம்பராவுக்கு இலக்கம் இல்லை, தெருப்பெயர் இல்லை. பல தோட்டங்களில் தபால் தோட்டக் காரியாலயத்துக்குப் போய், அங்கிருந்துதான் லயத்துக்கு வருகிறது. நேர்முகத்துக்கு அழைத்த கடிதம் திகதி கடந்தபின் கையில் கிடைத்த கதை இல்லாத தோட்டம் அரிது. நேரத்துக்கு வந்தாலும், டிவிஷனிலிருந்து ஹட்டனுக்கு இறங்கி, ஹட்டனிலிருந்து ஐந்து மணி நேரம் ரயிலில் போய், கொழும்பில் காலை ஒன்பதுக்கு நிற்க வேண்டும். முதல் நாளே போய்க் கொட்டாஞ்சேனையில் சொந்தக்காரர் வீட்டுத் தரையில் படுத்து எழும்பிய பிள்ளையின் முகத்தில் களைப்புத் தெரிகிறது. அதற்கு மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் வைக்கும் பெயர், தன்னம்பிக்கைக் குறைவு.

தனியார் கொம்பனியில் முதல் கேள்வியே "அப்பா என்ன செய்யிறார்?" என்பதுதான். "தோட்டத்துல வேலை, சேர்." அதோடு கேட்பவரின் குரல் மாறுகிறது. இந்தியாவிலும் இதே கதைதான். டெல்லிப் பக்கத்துப் பெரிய நிறுவனங்களில் ஆட்சேர்ப்பவர்களைச் சந்தித்துச் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் எழுதிய கட்டுரை 2007இல் வந்தது. தகுதி மட்டும்தான் பார்க்கிறோம் என்று சொன்ன அதே அதிகாரிகள், குடும்பப் பின்னணியைக் கேட்பதை அவசியமென்று சொன்னார்கள். அதே வருடம் சுகதேவ் தோரட்டும் பால் ஆட்டுவெலும் ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். தலித் பெயருள்ளவற்றுக்கு அழைப்புக் குறைந்தது. கைகுலுக்கும் நேரம் வருவதற்கு முன்பே, காகிதத்திலேயே முடிவாகிவிட்டது. சி.வி.க்கு நடந்ததும் அதுதான். அவர் எப்படிப் பேசினார் என்று சட்டம் பார்க்கவில்லை, யாருக்காகப் பேசினார் என்று பார்த்தது.

நேர்முகத்தில் தேறியவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதையும் மறக்கக்கூடாது. சில வருடங்களுக்கு முன் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு உதவி ஆசிரியர்களாக இளைஞர்கள் எடுக்கப்பட்டார்கள். மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா. போராடியபின் அது 10,000 ஆனது. வகுப்பில் நின்று முழு ஆசிரியரின் வேலையைச் செய்தவர்கள் பஸ்காசுக்குக் கைநீட்டினார்கள். நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாக 2021 வரை காத்திருந்த வீடுகளிலிருந்து வந்தவர்கள் அவர்கள். பர்சனாலிட்டி வகுப்பு நடத்தும் எவரும் அன்று அவர்களுக்காக மேடை ஏறவில்லை. சிபாரிசுக் கடிதம் கேட்டுப் பிள்ளைகளைச் சங்கக் காரியாலயப் படிகளில் காக்கவைக்கும் தலைவர்கள் அதே வாயால் தன்னம்பிக்கை பற்றிப் பேசுகிறார்கள். யாரோ ஒருவரின் கையெழுத்துக்காக வாசலில் நிற்கப் பழக்கிவிட்டு, நிமிர்ந்து பேசவில்லை என்று குறை சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை.

சி.வி.யின் பெயரை விழாக்களில் மாலை போடுவதற்கு மட்டும் எடுப்பவர்கள் அவரை நேர்முகப் பயிற்சிக்கும் கொண்டு வரட்டும். தோட்டத்தில் பிறந்தவன் ஆங்கிலத்தில் எழுதுவான், நாடாளுமன்றத்தில் பேசுவான் என்பது 1947இலேயே நிரூபணமான விஷயம். அதை 2020களில் ஒரு பட்டதாரி காலை ஒன்பது மணி நேர்முகத்தில் மறுபடி நிரூபிக்க வேண்டியதில்லை.

அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை, அரச சேவைக்கான பரீட்சைக்குச் சிங்களத்திலோ தமிழிலோ தோற்றும் உரிமையைத் தருகிறது. அடுத்த பயிற்சி வகுப்பை நடத்துபவர்களே, இதை முதல் மணித்தியாலத்தில் சொல்லுங்கள். மண்டபத்துக்குக் கட்டும் பணத்தில் ஒரு சமாதான நீதவானையும் ஒரு பதிவாளரையும் அழைத்துப் பிள்ளைகளின் பெயர்களைத் திருத்திக் கொடுங்கள். மத்திய மாகாணத்தில் வேலை கொடுக்கிறவர்களே, நேர்முகத்தை நுவரெலியாவிலோ ஹட்டனிலோ, தமிழ் தெரிந்த ஒருவரை மேசையில் வைத்து நடத்துங்கள். திகதியைக் கடிதத்தில் மட்டும் அனுப்பாமல் தொலைபேசியிலும் அறிவியுங்கள்.