இரண்டு பேர் உப்புப் போட்ட சாம்பார்

போன மாதம் சிநேகிதி ஒருத்தியின் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்து மூலையில் புதிதாக ஒரு சப்-ஊஃபர் பெட்டி ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. வீட்டுக்காரர் பெருமையுடன் ஒரு கச்சேரியைப் போட்டார். மிருதங்கத்தின் தொப்பி, "கும் கும்" என்று சுவரை இடித்தது. பாடகரின் குரலோ, போர்வைக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டது. "எனக்குப் பாட்டே புரியல்லே, நீங்கள் கேளுங்கள்!" என்று சொல்லிவிட்டுச் சிநேகிதியின் மாமியார் உள்ளே போய்விட்டார். தினம் சாயங்காலம் தவறாமல் கச்சேரி கேட்டவர் அவர். அந்தப் பெட்டி வந்த நாளிலிருந்து கேட்பதையே விட்டுவிட்டாராம்!

பெட்டியின் பேரில் குற்றமில்லை, வாசகிகளே. வேலைப் பங்கீட்டில்தான் குற்றம்.

சப்-ஊஃபர் அடிமட்டத்து ஓசைகளுக்கென்றே ஏற்பட்டது. பழைய ஸ்பீக்கர்கள் இரண்டும் அதே ஓசைகளைத் தந்துகொண்டேயிருந்தால் என்ன ஆகும்? மாமியாரும் உப்புப் போட்டு, மருமகளும் உப்புப் போட்ட சாம்பார்தான்! சண்டை வராமல் கீழ் ஓசையை ஒருவருக்கும் மேல் ஓசையை மற்றவருக்கும் பிரித்துக் கொடுப்பதே கிராஸ்ஓவரின் வேலை. ஸ்பீக்கர் பெட்டிக்குள் இருக்கும் கிராஸ்ஓவர், ஆம்ப்ளிஃபயருக்குப் பிறகு பிரிக்கிறது. 'ஆக்டிவ் கிராஸ்ஓவர்' தனிக் கருவி. மின்சாரத்தில் இயங்கி, பவர் ஆம்ப்ளிஃபயருக்கு முன்பே பிரித்துவிடும்.

கடைக்குப் போகுமுன் சில விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, உங்களிடம் இருப்பது சினிமா பார்ப்பதற்கான 'ஏ.வி. ரிசீவர்' என்றால், இந்த வசதி பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கும். பணம் மிச்சம்!

இரண்டாவது, ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் என்றால் அதன் பின்புறத்தைப் பாருங்கள். 'ப்ரீ அவுட்', 'மெயின் இன்' இரண்டும் இருந்தால்தான் கருவியை நடுவில் இணைக்க முடியும். இல்லாவிட்டால் ஸ்பீக்கர்களின் சுமை குறையாது.

மூன்றாவதுதான் மிக முக்கியம். சப்-ஊஃபருக்குக் கீழ் ஓசையை மட்டும் அனுப்பும் 'லோ பாஸ்' போதாது; அது அநேகமாகச் சப்-ஊஃபரிலேயே இருக்கிறது. ஸ்பீக்கர்களிடமிருந்து கீழ் ஓசையை விலக்கும் 'ஹை பாஸ்' இருக்கிறதா என்று கேளுங்கள். கனமான ஓசைக்காகத் திணறாத சின்ன ஸ்பீக்கர், குரலைத் தெளிவாகக் கொடுக்கும்.

நான்காவது, பிரிக்கும் விதம். 1976-ல் ஸீக்ஃபிரீட் லிங்க்விட்ஸ் என்ற எஞ்சினீயர் ஒரு முறையை எழுதி வெளியிட்டார். அவருடன் உழைத்த ரஸ் ரைலியின் பெயரையும் சேர்த்து, 'லிங்க்விட்ஸ்-ரைலி' என்கிறார்கள். ஒரு ஸ்தாயி தாண்டினால் 24 டெசிபல் குறையும்; இரண்டு ஓசைகளும் சேருமிடத்தில் மேடும் இராது, பள்ளமும் இராது. இந்தப் பெயர் இருந்தால் நம்பி வாங்கலாம்.

ஐந்தாவது, மேடைக் கச்சேரிக்கான கருவிகள் விலை மலிவாகக் கிடைக்கும். ஆனால் அவற்றில் பெரும்பாலும் 'எக்ஸ்.எல்.ஆர்.' இணைப்புகள் இருக்கும், வீட்டிலுள்ள ஆர்.சி.ஏ. ஒயர் நேராகப் பொருந்தாது. சன்னமாக வைத்துக் கேட்கும்போது "உஸ்" என்ற சத்தம் வருகிறதா என்றும் கவனியுங்கள்.

வாங்கியாயிற்றா? பிரிக்கும் இடத்தை 80 ஹெர்ட்ஸில் வைத்து ஆரம்பியுங்கள். அந்த ஓசையின் அலை நீளம் சுமார் 14 அடி. எந்த மூலையிலிருந்து வருகிறது என்று காது கண்டுபிடிப்பது கஷ்டம். சப்-ஊஃபரில் உள்ள கிராஸ்ஓவர் குமிழை உச்சத்தில் வைத்துவிடுங்கள். ஒரே ஓசையை இரண்டு தடவை வடிகட்ட வேண்டாம். பிறகு ஆண் குரலில் செய்தி வாசிப்பதைப் போட்டுக் கேளுங்கள். குரல் மூலையிலிருந்து வருவதாகத் தோன்றினால் கிராஸ்ஓவரின் எண்ணைக் குறையுங்கள். உறுமல் அதிகமாயிருந்தால் சப்-ஊஃபரின் சத்தத்தைக் குறையுங்கள்.

சிநேகிதியின் வீட்டிலும் அப்படியே செய்தார்கள். போன வாரம் மாமியார் கூடத்தில் உட்கார்ந்து ஒரு ராகம் முழுவதையும் கேட்டுவிட்டுத் திருப்தியோடு சொன்னாராம்: "நல்லவேளை, அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள்!"

பெட்டி அதே மூலையில்தான் இருந்தது.